பதினைந்து விநாடியும் ஒரு மரக்கட்டையும்

பிராந்திய ராணுவத்தில் அதிகாரியாக விரும்புகிறவர் கையில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்க வேண்டும். அதை விடாமலே சீருடை அணியலாம். 42 வயது வரை விண்ணப்பிக்கலாம். இடங்கள்தான் குறைவு: 2023 அறிவிப்பில் வெறும் 19. எழுத்துத் தேர்வையும் முதல்கட்ட நேர்காணலையும் தாண்டிய வங்கி மேலாளரும் பொறியாளரும் கடைசியில் மார்பில் எண்ணைக் கட்டிக்கொண்டு எஸ்.எஸ்.பி. எனப்படும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் மைதானத்தில் நிற்பார்கள். கல்லூரி முடித்த பையன்களுக்கு வைக்கும் அதே சோதனைதான் இவர்களுக்கும்.

அதில் ஒன்றைப் பாருங்கள். திரையில் ஒரு சொல் தோன்றும். 15 விநாடிக்குள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். உடனே அடுத்த சொல், இப்படி 60. கோச்சிங்கில் உருப்போட்ட வாக்கியங்கள் கொஞ்ச தூரம் கைகொடுக்கும். விரல் கடுக்கும்போது சொந்த மனம் எட்டிப் பார்த்துவிடும் என்பது உளவியலாளரின் கணக்கு. அவர் எழுத்தைப் படிக்கிறார், ஜி.டி.ஓ. எனப்படும் குழுச் சோதனை அதிகாரி மைதானத்தில் செயலைப் பார்க்கிறார். நேர்காணல் அதிகாரி பேச்சைக் கேட்கிறார். இறுதி முடிவெடுக்கும் கடைசி நாள் கான்ஃபரன்ஸ் வரை மூவரும் கலந்து பேசுவதில்லை. ஒருவருடைய தவறான எண்ணம் மற்றவரைத் தொற்றாமலிருக்க இதைவிட நல்ல தடுப்பு கிடையாது.

ஜி.டி.ஓ. செய்வதுபோல், தலைவர் இல்லாத குழுவுக்குப் பாலம் கட்டுவது போன்ற ஒரு வேலையைக் கொடுத்து வேடிக்கை பார்க்கும் முறை 1942 வாக்கில் பிரிட்டனில் பிறந்தது. அதை வகுத்தவர்களில் ஒருவர் மனநல மருத்துவர் வில்ஃப்ரெட் பியோன். பாலம் கட்டினார்களா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். தான் தேறவும் வேண்டும், பக்கத்தில் நிற்கும் போட்டியாளரோடு ஒத்துழைக்கவும் வேண்டும். அந்த இழுபறியில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே அவருக்கு முக்கியம். பொல்லாத யோசனை!

ஆனால் இந்த முறை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது? 1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் டேனியல் கானெமன் இதே வேலையைப் பார்த்தார். பிற்காலத்தில் நோபல் பெற்றவர். எட்டுப் பேர் ஒரு நீண்ட கட்டையை, ஆறடிச் சுவரிலும் தரையிலும் படாமல், மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். பட்டால் முதலிலிருந்து. யார் தலைவன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது போலிருக்கும். பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த தகவலோ, அந்தக் கணிப்புகள் குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேல் என்றது. அதற்குப் பிறகும் அடுத்த குழு வந்ததும் அவரும் சக மதிப்பீட்டாளரும் அதே உறுதியோடு மதிப்பிட்டார்களாம். பின்னர் அவர் வகுத்த நேர்காணலில் ஆறு குணங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டார்கள். கணிப்பு தெளிவாகவே மேம்பட்டது.

எந்த அளவுகோலிலும் கொஞ்சம் பிசகு உண்டு. இடங்கள் ஏராளமாக இருந்தால் அது பெரிதாகத் தெரியாது. பல ஆயிரம் பேருக்கு 19 இடம் என்னும்போது விளிம்பில் நிற்பவர்கள் ஏறக்குறைய சமமானவர்கள். அங்கே அந்தச் சிறு பிசகுதான் பெயரைச் சேர்க்கிறது, அடிக்கிறது. தகுதி இல்லாமல் உள்ளே போவது கடினம். தகுதி இருந்தும் வெளியே நிற்பது சர்வ சாதாரணம்.

இது புரியாத ரிப்பீட்டர்கள், அதாவது மீண்டும் மீண்டும் முயல்கிறவர்கள், போன முறை எது கெடுத்தது என்று தோண்டித் துருவித் தங்களையே மாற்றிக்கொண்டு வருகிறார்கள். கூட்டாகச் செயல்படுவது, ஓட்டம், செய்தி வாசிப்பு போன்றவற்றில் உண்மையாகவே தேறியிருந்தால் மறுமுறை போவதில் அர்த்தமுண்டு. புது முகமூடி அடுத்த 60 சொற்களுக்குத் தாங்காது. மேலும், பிராந்திய ராணுவத்துக்குப் போய் 'நாட் ரெக்கமண்டட்' (பரிந்துரைக்கப்படவில்லை) என்று கேட்டுத் திரும்புகிறவருக்கு ஒரு வசதி: விண்ணப்பிக்கவே வேலை இருந்தாக வேண்டும் என்ற விதியால், திங்கட்கிழமை போய் உட்கார அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.