தாத்தாவுக்குக் கேட்காத விசில்

ஒரு போட்டி வைப்போமா? ஒரு பக்கம் ஐம்பது ஆண்டுகளாகச் சாதகம் செய்துவரும் ஒரு பாட்டு வாத்தியார். மறுபக்கம் அவருடைய பன்னிரண்டு வயதுப் பேத்தி. இருவரில் யாருடைய காது கூர்மையானது?

“இதென்ன கேள்வி? பாட்டு வாத்தியாரின் காதுதான்!” என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? அவசரப்படாதீர்கள். அவருடைய வீட்டில் ஒரு நாள் முழுதும் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்வோம். வீடு கிழக்குத் தாம்பரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாத்தியாரும் பேத்தியும் நாம் மனத்தில் படைத்துக்கொண்டவர்களே. ஆனால் இவரைப் போன்றவர்களைத் தாம்பரம் முதல் பல்லாவரம் வரை பல தெருக்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வீட்டில் நிகழும் விஞ்ஞானம் முழுக்க முழுக்க உண்மை.

காலை: தம்புராவின் கணக்கு

விடியற்காலை ஐந்து மணி. முதல் மின்சார ரயில்களின் ஓசை தவிர வேறு சத்தம் இல்லை. வாத்தியார் தம்புராவை எடுத்துச் சுருதி சேர்க்கிறார். தம்புராவுக்கு நான்கு தந்திகள்: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். சாரணியும் அனுசாரணியும் ஒரே ஸட்ஜத்தை ஒலிக்க வேண்டும்.

வாத்தியாரின் சுருதி ஒரு கட்டை. அதாவது அவருடைய ஸட்ஜத் தந்தி வினாடிக்குச் சுமார் 131 முறை அதிரும். இதை 131 ஹெர்ட்ஸ் என்கிறோம். சாரணி 131 முறையும் அனுசாரணி 134 முறையும் அதிர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டினால் ‘வூம்... வூம்... வூம்...’ என்று ஒலி வினாடிக்கு மூன்று முறை பெருகித் தணியும். 134இலிருந்து 131ஐக் கழித்தால் வருவதும் மூன்றுதான்!

இது எப்படி நிகழ்கிறது? இரு நண்பர்கள் கால் சேர்ந்து நடக்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் சற்றே வேகமானவர். சிறிது தூரத்தில் கால்கள் மாறிப் போகும். இன்னும் சிறிது தூரத்தில் மறுபடியும் சேர்ந்துவிடும். இரண்டு ஒலி அலைகளும் அப்படித்தான். சேரும்போது ஒலி பெருகும், மாறும்போது தணியும். இதற்கு விம்மல் என்று பெயர்.

வாத்தியார் மணியை நகர்த்துகிறார். விம்மல் மெதுவாகிறது. வினாடிக்கு ஒன்று, பிறகு இரண்டு வினாடிக்கு ஒன்று. கடைசியில் நின்றே விடுகிறது. “சேர்ந்துவிட்டது” என்கிறார். எந்தக் கருவியும் இல்லாமல், அரை ஹெர்ட்ஸ் வேறுபாட்டைக் காதாலேயே அளந்துவிட்டார்!

தம்புராவில் இன்னும் ஒரு வியப்பு உண்டு. ஒரு தந்தியைச் சரியாக நடுவில் மீட்டினால், நடுவில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது இயற்பியல் விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. அங்கும் அந்த மேற்சுரங்கள் வளமாகக் கேட்கின்றன. காரணம், வளைந்த மேற்பரப்பு கொண்ட அவற்றின் குதிரை. தம்புராவில் அதோடு ஜீவா என்ற நூலும் சேர்ந்துகொள்கிறது. இதை ஆராய்ந்து 1921இல் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற நம் சர் சி.வி.ராமன்தான்.

பகல்: வீட்டுப் பட்டறை

சாதகம் முடிந்தது. வாத்தியாருக்கு இன்னொரு பொழுதுபோக்கு உண்டு. திருகுளியும் பற்றுவைப்புக் கோலும் இருந்தால் அவருக்குப் பசி தெரியாது.

இன்றைய வேலை கூடத்து டியூப்லைட். பழைய மாதிரி; இரும்புச் சோக் கொண்டது. “இது அபசுரமாகப் பாடுகிறது” என்று நெடுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார். வேடிக்கையல்ல, உண்மை! நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் சோக்கின் இரும்புத் தகடுகள் இருமுறை காந்தமேறி இருமுறை அதிர்கின்றன. ஆகவே சோக் 100 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். வாத்தியாரின் தம்புராவில் பஞ்சமத் தந்தி சுமார் 98 ஹெர்ட்ஸ். வேறுபாடு இரண்டு. வினாடிக்கு இரண்டு விம்மல்கள்! சாதகத்தின்போது விளக்கு எரிந்தால் அவருக்கு எரிச்சல் வராதா? மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தளர்ந்திருந்த திருகுகளை முடுக்குகிறார். ரீங்காரம் அடங்குகிறது. (நீங்கள் இதைத் தனியாகச் செய்யப் புகாதீர்கள்.)

அடுத்தது, வெளியூர்க் கச்சேரிக்கு எடுத்துச் செல்ல ஒரு சிறு சுருதிப்பெட்டி. இதற்கான பொருள்கள் வாங்க மின்சார ரயிலில் பார்க் நிலையத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போய்வந்திருக்கிறார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. பெட்டியின் இதயம், 1972இல் விற்பனைக்கு வந்த ‘555’ என்ற எட்டுக் கால் ஐ.சி. மின்தடை வழியாக மின்தேக்கியில் மின்னூட்டம் ஏறுகிறது. குறிப்பிட்ட அளவு வந்ததும் ஐ.சி. அதை இறக்கிவிடுகிறது, மறுபடி ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கமே ஒலியாகிறது. 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியும், 1 கிலோ ஓம் மின்தடையும், திருகி மாற்றக்கூடிய 100 கிலோ ஓம் மின்தடையும் போதும். திருகலை நடுவுக்குச் சற்று மேலே, 55 கிலோ ஓமில் வைத்தால் 130 ஹெர்ட்ஸ், அதாவது ஏறத்தாழ ஒரு கட்டை!

ஆனால் வெயில் ஏறினால் மின்தேக்கியின் மதிப்பு சற்றே மாறும், சுருதியும் நழுவும். தம்புராவின் வளமும் அந்த ஒலியில் இராது. இத்தகைய தடைகளைக் கடந்துதான், பெங்களூரின் புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி.ராஜ் நாராயண் 1970களில் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். இசையும் விஞ்ஞானமும் ஒரே மேசையில் உட்கார்ந்த கதை அது.

மாலை: பழைய டி.வி. பாடும் பாட்டு

இதுவரை போட்டியில் தாத்தாதான் முன்னணியில் இருக்கிறார். பேத்தியால் விம்மலை அவ்வளவு நுட்பமாகக் கேட்க முடியவில்லை. மாலை வந்தது. கூடத்தின் மூலையில் ஒரு பழைய டி.வி. பின்னால் பெரிய வயிறு தள்ளிய படக்குழாய்ப் பெட்டி. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. தெருவுக்கு ஒரு வீட்டில் டி.வி. இருந்தால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் அங்கே கூடிய காலம் அது. அந்த நினைவுக்காகவே தாத்தா தம் பழைய பெட்டியை இன்னும் வைத்திருக்கிறார். பழைய கச்சேரிப் பதிவுகளை அதில் போட்டுப் பார்க்கிறார்.

“தாத்தா, டி.வி. விசில் அடிக்குது!” என்று பேத்தி காதைப் பொத்துகிறாள்.

“ஒலியை முழுக்கக் குறைச்சு வச்சிருக்கேனேம்மா. எனக்கு ஒண்ணும் கேக்கலையே!”

பேத்தி சொல்வது சரி. இந்தப் பெட்டிகளின் திரையில் ஒரு முழுப் படம் 625 கோடுகளால் வரையப்படுகிறது. வினாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: 15,625. வினாடிக்கு இத்தனை முறை எலெக்ட்ரான் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்துத் திருப்புகிற மின்மாற்றி ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் உள்ளகம் அதே வேகத்தில் அதிர்கிறது. அந்த 15,625 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் விசில். எந்த நிகழ்ச்சி ஓடினாலும், ஒலியே இல்லாவிட்டாலும் அது இருக்கும்.

அரை ஹெர்ட்ஸ் வேறுபாட்டைப் பிடித்த காதுக்கு இந்த விசில் ஏன் எட்டவில்லை?

காதுக்குள் ஒரு நத்தை

விடை உட்செவியில் இருக்கிறது. செவிப்பறையின் அதிர்வை மூன்று சிறு எலும்புகள் நத்தை ஓடு போன்ற ஒரு குழலுக்குக் கடத்துகின்றன. அதை நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதற்குள் ஏறத்தாழ 15,000 ரோமச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. வாசலருகே உள்ளவை உச்ச ஒலிகளுக்கு. நத்தையின் நுனியில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளுக்கு. குழலுக்குள் ஒலி அலை எப்படிப் பரவுகிறது என்று கண்டறிந்த பெகேஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

வயது ஏற ஏற முதலில் பழுதாவது வாசலருகே உள்ள செல்கள். ஆகவே 15,000 ஹெர்ட்ஸ் போன்ற உச்ச ஒலிகள் முதலில் மறைகின்றன. கோழியின் காதில் இச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைக்கின்றன. 1980களில் விஞ்ஞானிகள் இதைக் கண்டு வியந்தார்கள். மனிதக் காதில் அழிந்தது அழிந்ததுதான். அறுபது வயதுத் தாத்தாவுக்கு விசில் கேட்காததில் வியப்பில்லை.

அப்படியானால் அவர் சுருதி சேர்ப்பது எப்படி? பாடும் குரலும் தம்புராத் தந்தியும் சில நூறு ஹெர்ட்ஸ்களில் அதிர்பவை. அந்தப் பகுதிச் செல்கள் அவருக்கு இன்னும் நலமாக உள்ளன. அவை அனுப்பும் செய்தியைப் பிரித்தறியும் திறமையோ மூளையில் இருக்கிறது. தினமும் விடியற்காலையில் கூர்மையானது அவருடைய மூளை. சுருதியில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைப் பயிற்சி பெற்ற இசைக் கலைஞர்கள் மற்றவர்களைவிட எளிதில் கண்டுகொள்கிறார்கள் என்பது சோதனைகளில் தெளிவாகியுள்ளது. ஆனால் எத்தனை ஆண்டுச் சாதகமும் ஒரு ரோமச் செல்லைக்கூடப் புதிதாக முளைக்கச் செய்யாது.

இப்போது போட்டியின் முடிவு என்ன? பேத்தியிடம் இருப்பது பிறவியில் வந்த சொத்து. தாத்தாவிடம் இருப்பது உழைத்துச் சேர்த்த சொத்து. உழைத்தால் பேத்திக்கு இரண்டும் கிடைக்கும், முதல் சொத்தை அதற்குள் அவள் தொலைத்துவிடாமல் இருந்தால்!

தொலைக்கும் வழி என்ன?

வயது மட்டுமே செல்களை அழிப்பதில்லை. உரத்த ஒலியும் அழிக்கும். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது தொழிற்கூடங்களுக்கான ஒரு வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரட்டிப்பாகிறது. ஆகவே நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 டெசிபலுக்கு 4 மணி. 91க்கு 2 மணி. 94க்கு 1 மணி. 97க்கு அரை மணி. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்! குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு இன்னும் குறைவு: வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல்.

ரயிலில் போகிறீர்கள். வண்டியின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்று இயர்போனின் ஒலியைக் கூட்டுகிறீர்கள். வண்டி நின்ற பிறகும் குறைப்பதில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வந்து சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். மேலே உள்ள கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! உரத்த ஒலி பெரும்பாலும் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. பேச்சில் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளைத் தெளிவாக்குவதில் அந்தப் பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. வலி இராது, எச்சரிக்கை இராது. காதில் ‘ங்ங்’ என்ற இரைச்சல் நீடித்தால் அதுவே எச்சரிக்கை.

செய்து பாருங்கள்

1. நண்பரோடு இரண்டு புல்லாங்குழல்களில் ஒரே சுரத்தை வாசியுங்கள். ஒருவர் மட்டும் ஊதும் விசையைச் சற்றே மாற்றட்டும். விம்மல் கேட்கும். ஐந்து வினாடிக்கு எத்தனை என்று எண்ணி, ஐந்தால் வகுத்தால் இரு குழல்களின் அதிர்வெண் வேறுபாடு கிடைக்கும்.

2. வீட்டிலோ உறவினர் வீட்டிலோ படக்குழாய் டி.வி. இருந்தால், ஒலியை முழுதும் குறைத்துவிட்டு விசில் யாருக்குக் கேட்கிறது என்று வயது வாரியாகப் பட்டியல் இடுங்கள். பெட்டி இல்லையா? கைப்பேசியில் ஒலியெழுப்பும் செயலி கொண்டு 8,000, 10,000, 12,000, 15,000 ஹெர்ட்ஸ் ஒலிகளைச் சோதியுங்கள். கைப்பேசியைக் காதருகே கொண்டுபோகாதீர்கள். ‘கேட்கவில்லையே’ என்று ஒலி அளவையும் கூட்டாதீர்கள். கேட்காத ஒலியும் செல்களைத் தாக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை: பழைய டி.வி.யின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வண்ணப் பெட்டியில் படக்குழாய்க்குச் செல்லும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகும் மின்னூட்டம் உள்ளே தங்கியிருக்கும். டியூப்லைட்டையும் சுருதிப்பெட்டியையும் திறக்கிற நம் வாத்தியாரே அந்த மூடியில் கை வைப்பதில்லை. பெட்டி பழுதானால் உடைக்காமல் மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுங்கள். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு.

பட்டியலை உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வகுப்பிலேயே யாருக்காவது உச்ச ஒலி கேட்கவில்லை என்றால் கேலி செய்யாதீர்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கி காரணமாக இருக்கலாம். அதை மாற்றிச் சோதியுங்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால் காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டும்படி சொல்லுங்கள்.