தடி இரும்பு போட்டால் போதுமா?



மலருக்கு ஏதாவது எழுது என்று பேரவையில் கேட்டபோது, எனக்குக் கவிதை வராதே என்றுதான் முதலில் சொன்னேன். அப்படியானால் தெரிந்ததை எழுது என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஹீட் எக்ஸ்சேஞ்சர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எட்டாவது வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. ஆனாலும் நான் டிப்ளமோ சேர்வதற்கு முன்பே இந்த வார்த்தை வீட்டில் புழங்கியது. எங்க நைனா மணலி, எண்ணூர் பக்கம் ஷட்டவுன் வேலைக்குப் போகும் காண்ட்ராக்ட் ஆள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு கம்பெனியில் ஷட்டவுன் முடிந்து எக்ஸ்சேஞ்சரைச் சூடேற்றும்போது, பைப் சேரும் ஃபிளாஞ்சில் கேஸ்கெட் விட்டுப்போய் வெந்நீர் பீய்ச்சியது. நைனாவின் இடது கையில் தோல் உரிந்துவிட்டது. இருபது நாள் வேலை இல்லை, கூலியும் இல்லை. "இன்னும் தடியா இரும்பு போட்ருந்தா இப்டி ஆயிருக்காதுடா" என்பார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மெட்டீரியல்ஸ் வகுப்பில் ஒரு சின்னக் கணக்கு போட்டபோதுதான் சந்தேகம் வந்தது.

மற்ற பிராஞ்ச் நண்பர்களுக்காக ஒரு வரி. பெரிய உருளை ஒன்று, அதுதான் ஷெல். அதற்குள் கட்டுக்கட்டாக டியூப்கள். டியூப்பின் இரண்டு முனைகளையும் தடித்த தட்டுகளில் பொருத்தியிருப்பார்கள். டியூப்புக்குள் ஒரு திரவம், வெளியே இன்னொன்று. சூடு கைமாறும், திரவங்கள் கலக்காது. டியூப்பும் ஷெல்லும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. ஆகவே ஒரே அளவு நீளுவதும் இல்லை. சண்டை அங்கேதான்.

இப்போது கணக்கு. இரும்பு ஒரு டிகிரி சூடானால் ஒரு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். 6 மீட்டர் டியூப் ஷெல்லைவிட 60 டிகிரி கூடுதல் சூடானால் சுமார் 4.3 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் அசையாமல் பிடித்துவிட்டால் ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மில்லிமீட்டருக்கு 2.4 நியூட்டன் தகைவு ஏறும். 100 டிகிரிக்கு 240. சாதாரண மைல்டு ஸ்டீல் 250ல் இளகிவிடும்! இந்தக் கணக்கில் தடிமன் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நீளமும் வரவில்லை. உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்கத் தடிமன் வேண்டும், அது உண்மை. சூட்டுக்கு அந்த மருந்து பலிக்காது.

சில சமயம் தடிமனே வினையாகும். டீக்கடையில் கொதிக்கிற டீயை ஊற்றியதும் படீரென்று விரிவது அடி தடித்த கிளாஸ்தான். உள்பக்கம் சூடாகி விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் இன்னும் ஆறிக் கிடந்து விடமாட்டேன் என்னும். மாஸ்டர் கிளாஸை முதலில் வெந்நீரில் அலசுவது சுத்தத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் என்னதான் செய்வது? இடம் விட வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ல் நம்ம ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. தண்டவாளத் துண்டுகளை இடைவெளி விட்டுப் பூட்டி வந்ததும் இதே காரணத்துக்காகத்தான். தடக் தடக் என்பது அந்த இடைவெளியின் சத்தம். எக்ஸ்சேஞ்சரில் அந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறார்கள். டியூப்பை யு வடிவில் வளைத்து ஒரே தட்டில் இரண்டு முனையையும் பொருத்தலாம், ஒரு பக்கத் தட்டை மிதக்க விடலாம், ஷெல்லில் துருத்தி மாதிரி பெல்லோஸ் வைக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கல்பாக்கம் வேக ஈனுலையின் நீராவி ஜெனரேட்டர். அதுவும் ஒரு எக்ஸ்சேஞ்சர்தான். 23 மீட்டர் நீள டியூப்கள் 547, நிமிர்ந்து நிற்கும். டியூப்புக்குள் தண்ணீர், வெளியே சுமார் 525 டிகிரியில் வரும் திரவ சோடியம். நடுவில் ஒரு ஓட்டை விழுந்தால் சோடியமும் தண்ணீரும் சந்திக்கும். சோடியத் துண்டைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதனால் இடையில் வெல்டிங்கே இல்லாத நீள டியூப், ஒவ்வொன்றிலும் ஒரு வளைவு. நீளும்போது அந்த வளைவு கொஞ்சம் கொடுக்கும். உலோகம் 9 சதவிகிதம் குரோமியமும் 1 சதவிகிதம் மாலிப்டினமும் கலந்த எஃகு. வழக்கமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட இது குறைவாக விரியும், சூட்டையும் நன்றாகக் கடத்தும். விரிவதே குறைந்தால் சண்டையும் குறையும் அல்லவா!

இடம் விட்டால் மட்டும் போதாது, நேரமும் தர வேண்டும். 1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில் சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோய் ஒரு எக்ஸ்சேஞ்சர் மைனஸ் 48 டிகிரி வரை குளிர்ந்தது. அந்தக் குளிரில் இரும்பு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். அதில் மறுபடியும் சூடான எண்ணெயை விட்டார்கள். உடைந்தது. இரண்டு பேர் செத்தார்கள், எட்டுப் பேருக்குக் காயம். டீ மாஸ்டருக்குத் தெரிந்த சங்கதிதான்.

எக்ஸ்சேஞ்சர் உட்காரும் இரண்டு சாடில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்றில் போல்ட் ஓட்டை வட்டமாக இருக்கும், மற்றதில் நீளமாக. ஷெல் நீளும்போது அந்தப் பக்கம் நகரட்டும் என்றுதான் நீள ஓட்டை. அங்கே நட்டை முழுசாக முறுக்கக் கூடாது. முறுக்கினால் ஷெல் நகர முடியாமல் அந்த விசை போய் பைப் இணைப்புகளைப் பிடித்து நெளிக்கும்.

இதைப் போன மாதம் காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு நைனாவுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நட்டு லூஸா கீதுன்னு அன்னைக்கு சூப்பர்வைசர் சத்தம் போட்டாருடா. நாந்தான் ஸ்பேனர்ல பைப்பு சொருகி டைட் வெச்சேன்" என்றார்.

கேஸ்கெட் விட்டதற்கு அதுதான் காரணம் என்று நான் இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. அதையே அவரிடமும் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஷட்டவுனில் அந்த நட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்கிறாராம்.