கீழைத்தேயத் திரைக்கலை வல்லார் மூவர்

கலைகளுள்ளே வயதில் இளையது திரைப்படக் கலை. கூத்துக்கும் இசைக்கும் சிற்பத்துக்கும் தோற்றக் காலம் கூறல் அரிது. திரைப்படத்துக்கோ நாளும் இடமுங்கூடச் சொல்லலாம். 1895ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 28ஆம் நாள் பாரிஸ் நகரிலே லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்று மக்களுக்குப் படங் காட்டினர். அடுத்த ஆண்டு யூலை மாதத்தில் அப்படங்கள் பம்பாயை அடைந்தன; 1897இல் யப்பானை அடைந்தன. கருவி இவ்வாறு விரைந்து வந்தது. ஆயின் அக்கருவியைக் கொண்டு கீழைத்தேயத்தார் ஆக்கியவற்றைக் கலையென மேனாட்டார் ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

மேனாட்டார் மாத்திரமோ? நம்மவருட் கற்றோர் பலரும் சினிமா என்றதும் முகஞ் சுளிப்பர். அது பொழுதுபோக்கு; அதனையும் இலக்கியத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தகாது என்பது அவர் கொள்கை. பெரும்பாலான படங்களைக் கண்டவர் அக்கொள்கைக்கு வந்தமையிற் பிழையில்லை. எனினும் அதனை மறுபடியும் ஆராயத் தூண்டும் படங்கள் சில ஆசியாவிலே தோன்றின. யப்பானிய நெறியாளர் அகிரா குறோசவா, வங்காளத்துச் சத்தியஜித் ராய், இலங்கையரான லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்னும் மூவரின் பணியை அவ்வகையில் ஈண்டு நோக்குவாம். இரவல் வாங்கிய கருவியைத் தம் நாட்டின் நாவாக இவர்கள் எங்ஙனம் ஆக்கினர், அதற்கு எவ்விலை கொடுத்தனர் என்பவையே நாம் அறிய வேண்டுவன.

குறோசவா 1910இல் தோக்கியோ நகரிற் பிறந்தவர். ஓவியராக வரவேண்டுமென்பது அவர் இளமைக் கனவு. அவரைத் திரைப்படத்தின்பால் ஈர்த்தவர் தமையனார் ஹெய்கோ. பேசாப் படங்களின் காலத்திலே யப்பானிய அரங்குகளில், திரையின் பக்கத்தே நின்று கதையை விளக்கியும் பாத்திரங்களின் குரலிற் பேசியும் அவையோரை மகிழ்விக்கும் உரையாசிரியர் ஒரு வகுப்பினர் இருந்தனர். 'பென்ஷி' என்பது அவர் பெயர். நம் ஊர்க் கதாப்பிரசங்கியாரை ஒருவாறு அவர்க்கு உவமை கூறலாம். ஹெய்கோ அத்தொழிலினர். பேசும் படம் வந்தது. பென்ஷிகளின் வாழ்வு கவிழ்ந்தது. 1933இல் ஹெய்கோ தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மூன்றாண்டின் பின், 1936இல், தம்பி திரைப்பட நிறுவனமொன்றில் உதவி நெறியாளராகச் சேர்ந்தார்.

1950இல் வெளிவந்த 'ராஷோமோன்' அவர் பெயரை உலகறியச் செய்தது. அக்குத்தகாவா என்னும் எழுத்தாளரின் சிறுகதைகள் இரண்டைத் தழுவியது அது. காட்டிலே ஒரு வீரன் இறந்து கிடக்கிறான். கொள்ளைக்காரன், வீரனின் மனைவி, ஆவேசம் வந்தவள் வாயிலாகப் பேசும் இறந்த வீரனின் ஆவி, விறகுவெட்டி ஆகிய நால்வரும் நடந்ததைக் கூறுகின்றனர். நால்வர் கூற்றும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. குற்றத்தை மறைக்கப் பொய் கூறுதல் உலகியல்பு. இங்கோ கொலையைத் தாமே செய்ததாகச் சொல்பவர் பலர்! தம்மைப் பற்றித் தாம் வரைந்துகொண்ட சித்திரம் அழியாதிருத்தற்காக மனிதர் பழியையும் ஏற்பர் என்னும் நுட்பமே படத்தின் உயிர். ஒளிப்பதிவாளர் கசுவோ மியகாவா கமராவை நேரே ஞாயிற்றை நோக்கித் திருப்பினார். அது செய்யத்தகாததென அக்காலத் தொழிலாளர் கருதியிருந்தனர். அடர்ந்த காட்டுக்குள்ளே கண்ணாடிகளைக் கொண்டு வெயிலைத் திருப்பி நடிகர்மேற் பாய்ச்சினர். வாயிற் காட்சியிற் பெய்யும் மழை படத்திலே தெளிவுறத் தோன்றுதற்பொருட்டு நீரிலே கருமை கலந்தனர் என்பர்.

படத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர்க்கே அது விளங்கவில்லை. இத்தாலிய அம்மையார் ஒருவரின் பரிந்துரையால் 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்கு அது சென்றது. சென்றது நெறியாளர்க்குத் தெரியாது. முதற்பரிசாகிய பொற்சிங்கத்தை அது பெற்றபோதுதான் தெரிந்தது. யப்பானியத் திரையுலகுக்கு மேனாட்டு வாயில் அன்று திறந்தது. ஒருவகையிற் கூறின் அனைத்தாசியாவுக்குமே திறந்தது எனலாம்.

ஆயினும் குறோசவாவின் உள்ளத்தை அறிய விரும்புவோர் 1952இல் வந்த 'இக்கிரு'வையே முதலிற் காணவேண்டுமென்பது எனது துணிபு. நகரசபை எழுதுவினைஞர் ஒருவர். முப்பது ஆண்டாகக் கோவைகளில் முத்திரை குத்தியதன்றி வேறொன்றுஞ் செய்திலர். வயிற்றிற் புற்றுநோய் என்றும் சில மாதங்களே எஞ்சியுள்ளனவென்றும் அறிகிறார். குடித்துப் பார்க்கிறார், மகனிடம் சொல்ல முயன்று தோற்கிறார், ஈற்றிலே, கந்தோர் மேசைகளுக்கிடையே நெடுங்காலமாக அலைந்துகொண்டிருந்த மனுவொன்றைக் கையிலெடுத்து, சேற்றுநிலமொன்றைச் சிறுவர் பூங்காவாக மாற்றுகிறார். இதுவரை எவரும் சொல்லக்கூடிய கதையே. குறோசவா செய்த புதுமை, கதாநாயகனைப் படத்தின் மூன்றிலிரண்டு பகுதி முடியுமுன்னே இறக்கச் செய்தமை. எஞ்சிய பகுதி அவர் செத்தவீட்டில் நிகழ்கிறது. உத்தியோகத்தர் கூடியிருந்து குடித்தவண்ணம், பூங்காவுக்குக் காரணர் யார் என வாதாடுகின்றனர். அவர்தாமென ஒப்ப மனமின்றிப் பின்னிவாங்கி, குடிவெறி ஏறஏற ஒப்பி, இனி நாமும் அவ்வாறே உழைப்போமெனச் சபதஞ் செய்கின்றனர். மறுநாட் கந்தோரில் யாவும் பழையபடியே நடைபெறுகின்றன. பனி பெய்யும் இரவிலே, தாம் ஆக்கிய பூங்காவின் ஊஞ்சலில் அமர்ந்து அம்முதியவர் மெல்லப் பாடும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். கந்தோர் வாழ்வே பெருவாழ்வெனக் கருதும் சமூகத்தில் வளர்ந்த நமக்கு இப்படம் சற்றே உறுத்துவது இயல்பு.

அவருடைய செல்வாக்குப் பரந்தது. 1954இல் வந்த 'ஏழு சாமுராய்' 1960இல் அமெரிக்கக் குதிரைவீரர் கதையாக மாறியது. 1961இன் 'யோஜிம்போ' இத்தாலியர் கையில் 1964இல் அவ்வாறே மாறியது. அநுமதி பெறாது எடுத்தமையால் வழக்காகி, குறோசவா தரப்பினர் நட்டஈடு பெற்றனர். சேக்ஸ்பியரின் மக்பெத்தை 1957இலும் லியர் அரசனை 1985இலும் யப்பானியப் போர்க்காலக் கதைகளாக அவர் அமைத்தார். மேனாட்டுச் சாயல் மிக்கவர் என்பது தாய்நாட்டுத் திறனாய்வாளர் அவர்மேற் சாட்டிய குற்றம். வாங்கியதிலும் அவர் கொடுத்தது மிகுதி என்பதற்கு மேற்கூறியவையே சான்று. ஆயினும் 1970இல் எடுத்த படம் பொருளிழப்பை உண்டாக்கிற்று. பணமுதலீடு செய்வாரின்றி மனமுடைந்து 1971 டிசெம்பரில் தமையனார் வழியையே நாடினார். நல்லூழாக உயிர் பிழைத்தார். பின்னர் சோவியத் நாட்டிலே 1975இல் எடுத்த 'தெர்சு உசாலா' ஒஸ்கார் பரிசு பெற்றது. 1980இல், அமெரிக்க நெறியாளர்களான கொப்பொலா, லூக்கஸ் என்போர் துணைநிற்க எடுத்த 'ககேமுஷா', கான் விழாவிலே 'தங்கப் பனையோலை' என்னும் விருதைப் பெற்றது. பனையோலையின் பெருமையை யாழ்ப்பாணத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இனி வங்கத்துக்கு வருவாம். 1952இல் இந்தியாவிலே முதலாவது அனைத்துலகத் திரைப்பட விழா பம்பாய், சென்னை, டில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களில் நிகழ்ந்தது. ராஷோமோனைக் கல்கத்தாவிலே அடுத்தடுத்து மூன்று நாள்கள் பார்த்த விளம்பர ஓவியர் ஒருவர் உளர். அவரே 1921இற் பிறந்த சத்தியஜித் ராய். தந்தையார் சுகுமார் ராயும் பாட்டனார் உபேந்திரகிசோரும் குழந்தை இலக்கியத்தில் வங்கம் போற்றும் பெயரினர். சாந்திநிகேதனத்தில் நந்தலால் போஸ் முதலியோரிடம் ஓவியம் பயின்ற ராய், 1943இல் விளம்பர நிறுவனமொன்றிற் சேர்ந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே அதனைத் திரைக்குக் கொணரும் எண்ணம் முளைத்தது. 1950இல் இலண்டனில் அலுவலின் நிமித்தம் ஏறக்குறைய ஆறு மாதந் தங்கிய காலத்துத் தொண்ணூற்றொன்பது படங்கள் பார்த்தார் என்பது அவர் தாமே கூறும் கணக்கு. (மாணவர் இதனைப் பெற்றோரிடங் காட்டி வாதாடாதிருப்பாராக.)

படப்பிடிப்பு 1952 ஒக்டோபரிலே நாணற்பூக் கொல்லையொன்றில் தொடங்கியது. ஒளிப்பதிவாளராக வந்த சுப்ரதோ மித்திரர் அதன்முன் திரைப்படக் கமராவை இயக்கியறியாத இளைஞர். ஒரு ஞாயிறு படமெடுத்து அடுத்த ஞாயிறு திரும்பியபோது நாணற்பூ முழுவதையும் மாடுகள் மேய்ந்துவிட்டன. அடுத்த பூக்காலம் வரை ஓராண்டு காத்திருந்தனர். காப்புறுதிப் பத்திரம், இசைத்தட்டுகள், மனைவியாரின் நகைகள் ஆகியன ஒவ்வொன்றாகக் கைமாறின. ஈற்றில் மேற்கு வங்க அரசாங்கம் பணம் உதவிற்று. பதேர் பாஞ்சாலி என்பது பாதையைப் பற்றிய பெயராதலின் வீதி அபிவிருத்திக் கணக்கில் அப்பணம் எழுதப்பட்டது! கிழவியாக நடித்த சுனிபாலா தேவியார் எண்பதையடுத்த வயதினர். இசையமைத்த ரவிசங்கர் ஓரிரவிலே பணியை முடித்துக் கொடுத்தார்.

அப்படத்தின் ஒரு காட்சியே அதன் சிறப்பைக் காட்டப் போதும். நெடுநாட் பிரிந்திருந்த தந்தை வீடு திரும்புகிறார். மகள் துர்க்கைக்கென வாங்கிவந்த சேலையை மனைவியிடம் நீட்டுகிறார். மகள் இறந்ததை அவர் அறியார். தாய் சேலையைப் பற்களாற் கவ்விக் கதறுகிறாள்; ஆனாற் கதறல் நம் காதில் விழவில்லை. அதற்குப் பதிலாகத் தார்ஷெனாய் என்னும் நரம்பிசைக் கருவியின் உச்சக்குரல் எழுகிறது. பக்கம் பக்கமாக ஒப்பாரி வைக்கும் படங்களிற் பழகிய நமக்கு, அழுகையை நீக்கியதால் அழுகை மிகும் என்னும் உண்மை புதிதாகத் தோன்றும். நாவலாசிரியனுக்கோ நாடகாசிரியனுக்கோ இது கைகூடாது. திரைப்படத்துக்கே உரிய மொழி இது.

1955 மே மாதத்தில் நியூயோர்க் நவீன கலை நூதனசாலையில் முதலிற் காட்டப்பட்ட அப்படம், ஓகஸ்ட் மாதத்தில் கல்கத்தாவில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு கான் விழாவிற் பரிசு பெற்றது. அதன் தொடர்ச்சியான 'அபராஜிதோ' 1957இல் வெனிஸின் பொற்சிங்கத்தை வென்றது. 1959இல் 'அபூர் சன்சார்' அம்மூன்றன் வரிசையை நிறைவித்தது. 1964இல் தாகூரின் கதையைத் தழுவி எடுத்த 'சாருலதா' இவற்றினும் திருத்தமானது என்பார் உளர். யானும் அவர் பக்கமே. தமிழர்க்கு உவப்பளிக்கும் செய்தியொன்றுமுண்டு. இளமையிற் கல்கத்தாவில் தாம் கண்டு வியந்த தஞ்சாவூர்ப் பாலசரஸ்வதியின் பரதத்தைப் பற்றி 1976இல் 'பாலா' என்னும் விவரணப் படத்தை அவர் ஆக்கினார். வறுமையை ஏற்றுமதி செய்பவர் என்று 1980இல் நடிகையும் மாநிலங்களவை உறுப்பினருமான நர்கிஸ் அவரைச் சாடினார். துர்க்கையின் வீட்டிலுள்ள அன்பை அவர் காணத் தவறினார் போலும். 1992இல், மறைவதற்குச் சில வாரங்களின் முன், சிறப்பு ஒஸ்கார் விருது மருத்துவமனைக் கட்டிலுக்கே வந்தது.

இலங்கைச் சிங்களப் படத்தின் வரலாறு தென்னிந்தியாவோடு பிணைந்தது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படம் உருவானது மதுரையிலே. அதன்பின்னும் பல ஆண்டுகள் தென்னிந்தியக் கலையகங்களின் அட்டைக் காட்சிகளே இலங்கைக் கிராமமாக வேடமிட்டன. 1919இற் பிறந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஆங்கிலப் பழக்கம் மிக்க கத்தோலிக்கக் குடும்பத்தவர். அரசாங்கத் திரைப்படப் பிரிவிலிருந்து விலகி, ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தை ஆகியோருடன் கிராமத்துக்கே சென்று 'ரேகாவ' படத்தை எடுத்தார். 1956இல் வெளியான அது கான் விழாவுக்குச் சென்றது; உள்நாட்டு வசூலிலோ தோற்றது. மார்ட்டின் விக்கிரமசிங்காவின் நாவலைத் தழுவி 1963இல் அவர் எடுத்த 'கம்பெரலிய' 1965இல் டில்லி விழாவிலே தங்க மயில் விருது பெற்றது. அவ்விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சத்தியஜித் ராய்.

மூவருள் ராயும் பீரிசும் நகரத்தார். கிராமத்தைப் பிறப்பால் அறிந்தவரல்லர். நூலைப் படித்தும் இடத்திற் சென்று காத்திருந்துமே அதனை அறிந்தனர். மண்வாசனை மண்ணிற் பிறந்தவர்க்கே வாய்க்குமென வாதிடும் நம் எழுத்தாளர் இதனைச் சிந்திப்பது நன்று.

ராஷோமோன் காட்டிய வழி தமிழ்ப் படத்தையும் தொட்டது. வீணை வித்துவானுமாகிய எஸ். பாலசந்தர் 1954இல் நெறியாண்ட 'அந்த நாள்' ஒரு கொலையைப் பலர் நோக்கிலே சொல்லுகிறது. ஒரு பாட்டேனும் அதில் இல்லை. பாட்டின்றிப் படமோ என மக்கள் அன்று மனங்கொள்ளாராயினர். பின்வந்தோரே அதனைப் போற்றினர்.

ஏட்டுச் சுவடிகள் செல்லரித்து அழிந்துகொண்டிருந்த காலத்துத் தாமோதரம்பிள்ளையவர்கள் பட்ட வேதனையை நாம் அறிவோம். படச்சுருள் ஓலையினும் நொய்யது. பாதுகாப்பின்றிக் கிடந்த பீரிசின் 'நிதானய' சீர்செய்யப்பட்டு 2013இல் வெனிஸ் விழாவிலே மீளக் காட்டப்பட்டது. ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றின் மூலச் சுருள்கள் 1993இல் இலண்டனிலே தீக்கிரையாயின. கருகியும் சுருங்கியும் எஞ்சியவற்றை எறியாது வைத்திருந்தனர். இத்தாலியிலே வல்லுநர் அவற்றை அங்குலம் அங்குலமாகக் கையால் ஒட்டிச் செப்பனிட்டனர். இயலாத இடங்களைப் பிற பிரதிகள் கொண்டு நிரப்பினர். 2015 மே மாதத்திலே, முதன்முறை காட்டப்பட்டு அறுபது ஆண்டு நிறைந்த வேளையில், பதேர் பாஞ்சாலி மீண்டும் நியூயோர்க் நூதனசாலையின் திரையில் ஓடிற்று.