அலமாரியை அடுக்குபவர் யார்? கூலி கொடுப்பவர் யார்?

நமது மளிகைக் கடைகளில் எந்தச் சோப்பு எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்பதை முதலாளியே தீர்மானிக்கிறார். ஓடுகிற சரக்கை வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேராக வைக்கிறார். ஓடாததை ஓரம் கட்டுகிறார். அடுக்குபவர் கடைப் பையன். அவருக்குச் சம்பளம் கொடுப்பவரும் முதலாளிதான். அடுக்கியது சரியில்லை என்றால் அந்த நிமிடமே மாற்றிவிடலாம். தீர்மானிப்பது, அடுக்குவது, கூலி கொடுப்பது ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

அமெரிக்காவின் பெரிய கடைகளில் இம்மூன்றும் பல இடங்களில் மூன்று வெவ்வேறு ஆட்களிடம் இருக்கின்றன. இடையில் நின்று அல்லல்படுபவர் 'மெர்ச்சண்டைசர்' எனப்படும் சரக்கு அடுக்குநர். அவர்களிலும் நிலையான வேலை இல்லாமல், வேலைக்கு இவ்வளவு என்று பேசித் தனியாகச் செய்பவரின் பாடு மிகவும் கடினமானது. அவருடைய கஷ்டம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பெரிய கடைகளின் பலமும் பலவீனமும் நமக்கு நன்றாக விளங்கும்.

அலமாரி விற்பனையாளர் ஆன கதை

முன்பெல்லாம் அங்கும் நம்மைப் போலவே, வாடிக்கையாளர் கேட்பதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். 1916ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டு வந்தார. அன்று முதல் எடுத்துச் சொல்லி விற்கும் ஆளின் வேலையை அலமாரி செய்யத் தொடங்கியது. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாகப் பார்கோடு மூலம் பில் போடப்பட்டது. அதன் பின் எந்தச் சரக்கு, எந்தக் கடையில், எத்தனை விற்றது என்பது தலைமை அலுவலகத்துக்கே தெரியலாயிற்று.

அமெரிக்காவில் சாதாரண சூப்பர் மார்க்கெட் ஒன்றிலேயே 30,000 வகைச் சரக்குகள் வரை இருக்கும். இத்தனைக்கும் இடம் போதாததால் இடத்துக்கே விலை பிறந்தது. புதுச் சரக்கை உள்ளே வைக்க உற்பத்தியாளர் கொடுக்கும் நுழைவுத் தொகையை அங்கு 'ஸ்லாட்டிங்' என்கிறார்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய மளிகைப் பொருளை நாடு முழுதும் அறிமுகப்படுத்த இந்தத் தொகை மட்டுமே 15 லட்சம் முதல் 20 லட்சம் டாலர் வரை ஆகலாம் என்று சப்ளையர்கள் கூறியிருந்தனர்.

இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய இடத்தில் தன் சரக்கு சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் எந்தக் கம்பெனியும் இருக்காது. அதற்கு ஆள் வேண்டும். கடைக்கும் இது வசதிதான்; அடுக்கும் கூலியில் ஒரு பகுதி சப்ளையர் தலைக்குப் போய்விடுகிறது.

அடுக்குபவர் எத்தனை வகை?

முதலாவது, கடையின் சொந்த ஊழியர். இரண்டாவது, ரொட்டி, சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றை வண்டியில் கொண்டு வந்து தாமே அடுக்கிவிட்டுப் போகும் கம்பெனி ஆட்கள். மூன்றாவது, பல கம்பெனிகளிடம் வேலையை மொத்தமாகக் குத்தகை எடுக்கும் ஏஜென்சியின் ஆட்கள். இந்த மூன்றாவது வகையில் சிலர் பகுதி நேர ஊழியர்கள். சிலர் ஊழியரே அல்லாத தனி ஒப்பந்தக்காரர்கள்.

ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலை செய்ய விரும்பும் தாய்மார்கள், வேறு வேலையோடு சேர்த்து இதையும் செய்பவர்கள் என்று பலரும் இதில் இருக்கிறார்கள். வேண்டிய நாளில் வேலை எடுக்கலாம், தலைக்கு மேல் நிற்கும் அதிகாரி இல்லை என்பது இதன் கவர்ச்சி. அது உண்மையும் கூட. ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தலைக்கு மேல் அதிகாரி இல்லை என்றால், கடையில் தகராறு வரும்போது நமக்காகப் பேசவும் ஆள் இல்லை என்று பொருள்.

வரைபடம் ஒன்று, கடை வேறொன்று

தலைமை அலுவலகத்தில் தயாராகும் அலமாரி வரைபடத்துக்குப் 'பிளானோகிராம்' என்று பெயர். எந்தத் தட்டில், எந்தச் சரக்கு, முன்வரிசையில் எத்தனை நிற்க வேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதன்படி அலமாரியைக் காலி செய்து, துடைத்து, தட்டுகளின் உயரத்தை மாற்றி, சரக்கை மறுபடி அடுக்கி, விலைச் சீட்டுகளை ஒட்டுவதை 'ரீசெட்' என்கிறார்கள். கூட்டம் இல்லாத இரவிலோ அதிகாலையிலோ இது பெரும்பாலும் நடக்கும்.

தாளில் பார்த்தால் சுலபம். கடைக்குள் போனால்தான் தெரியும். அந்த அலமாரிகள் பெரும்பாலும் நாலு நாலு அடிப் பகுதிகளாக அமைந்தவை. வரைபடம் பன்னிரண்டு அடிக்குப் போட்டிருக்கும். அந்தக் கிளையில் எட்டு அடிதான் இருக்கும். நடுவில் ஒரு தூண் நிற்கும். புதுச் சரக்கு வந்து சேர்ந்திருக்காது; அல்லது வந்து, பின்பக்கக் கிடங்கில் ஏதோ ஓர் அடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கும். விலைச் சீட்டும் விளம்பர அட்டையும் தபாலில் வந்திருக்க வேண்டும். வந்த பார்சலை யாரோ பிரித்துக் குப்பையில் போட்டிருப்பார்கள். நீக்க வேண்டிய பழைய சரக்கு இன்னும் நாற்பது டப்பா பாக்கி இருக்கும். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று வரைபடம் சொல்லாது.

கடை மேலாளரைக் கேட்கலாம் என்றால், இப்படி ஒருவர் வரப்போவதே அவருக்குத் தெரிந்திருக்காது. 'இன்றைக்கு வேண்டாம், விசேஷ வியாபாரம் நடக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள்' என்பார். ஏஜென்சியோ, 'இந்த வாரத்துக்குள் முடித்துப் போட்டோ அனுப்ப வேண்டும்' என்கும். ஏணி எடுக்கக் கடை ஊழியர் அனுமதி வேண்டும். அவர் மதிய உணவுக்குப் போயிருப்பார். இதற்கிடையில் வாடிக்கையாளர்கள் இவரைக் கடை ஊழியர் என்று நினைத்து, 'சர்க்கரை எந்த வரிசையில்?' என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் போக முடியாது; சொல்லும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

இரண்டு மணி நேரக் கூலியின் உண்மைக் கணக்கு

நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். இது விளக்கத்துக்காக நாம் போடும் கணக்கு. ஒரு வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று ஏஜென்சி மதிப்பிட்டு 40 டாலர் தருவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 டாலர் என்று பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது.

கடை இருபது மைல் தூரம். போக வர நாற்பது மைல். சொந்தக் காரைத் தொழிலுக்கு ஓட்டுவதற்கு 2025ஆம் ஆண்டுக்கு அமெரிக்க வரித்துறை வைத்த கணக்கு மைலுக்கு 70 சென்ட். இதில் பெட்ரோல், டயர், தேய்மானம் எல்லாம் அடக்கம். ஆக, வண்டிச் செலவு 28 டாலர். மீதி 12 டாலர்.

இனி நேரம். பயணம் ஒரு மணி. மேலாளருக்குக் காத்திருந்து கிடங்கில் சரக்கைத் தேடுவது ஒரு மணி. வேலை இரண்டு மணி. முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, கேள்விகளுக்கு விடை நிரப்பி அனுப்புவது அரை மணி. மொத்தம் நாலரை மணி. பன்னிரண்டு டாலரை நாலரையால் வகுத்தால் மணிக்கு 2 டாலர் 67 சென்ட்! அந்நாட்டின் மத்திய அரசு 2009 முதல் வைத்திருக்கும் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7 டாலர் 25 சென்ட்.

அனுபவசாலிகள் ஒரே பாதையில் நாலைந்து கடைகளைச் சேர்த்து எடுத்து இந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். ஆனால் ஒரு கடையில் சரக்கு வரவில்லை என்றால் அந்த நாள் கணக்கே கவிழ்ந்துவிடும். 'போனேன், சரக்கில்லை, திரும்பினேன்' என்பதற்குப் பல ஒப்பந்தங்களில் சிறு தொகைதான் கிடைக்கும். சிலவற்றில் அதுவும் இல்லை. போட்டோ மங்கலாக இருந்தால் வேலையே ஏற்கப்படாமல் போவதும் உண்டு. கூலி கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். பெட்ரோல் பங்க்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம் குறைந்தபட்சக் கூலியையும், வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்குக் கூலியையும் உறுதி செய்கிறது. ஆனால் அது ஊழியருக்கு மட்டுமே. தனி ஒப்பந்தக்காரர் அதற்கு வெளியே நிற்கிறார். ஊழியர் என்றால் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகும் நேரமும் வேலை நேரமாகக் கணக்கிடப்படும். ஒப்பந்தக்காரருக்கு அதுவும் இல்லை.

வரியிலும் வேறுபாடு உண்டு. சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவம் ஆகியவற்றுக்காக ஊழியர் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிக்கப்படும். அதே அளவை முதலாளியும் கட்டுவார். ஒப்பந்தக்காரர் இரண்டையும் சேர்த்து 15.3 சதவீதம் தாமே கட்ட வேண்டும்.

ஒருவரை 'ஒப்பந்தக்காரர்' என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் போதாது. வேலை உண்மையில் யாருடைய கட்டுப்பாட்டில் நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டத்தின் நிலை. கலிஃபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2018இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அளித்த 'டைனமெக்ஸ்' தீர்ப்பை ஒட்டி, 2020 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுப்பவரின் வழக்கமான தொழில் எதுவோ, அதே வேலையைச் செய்பவரைப் பொதுவாக ஒப்பந்தக்காரர் என்று கூற முடியாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அடுக்குவதையே தொழிலாகக் கொண்ட ஏஜென்சி, அடுக்குபவரை வெளியாள் என்று சொல்வது அங்கு கடினமாகிவிட்டது.

குறை எங்கே இருக்கிறது?

தீர்மானிப்பவர் ஓரிடம், பணம் கொடுப்பவர் ஓரிடம், இடத்துக்குச் சொந்தக்காரர் ஓரிடம் என்று இருந்தால், தவறு நடக்கும்போது அது யார் தவறு என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. தலைமை அலுவலகம் ஏஜென்சியைக் காட்டும். ஏஜென்சி கடையைக் காட்டும். கடை தலைமை அலுவலகத்தைக் காட்டும். விரல் சுற்றி வந்து கடைசியில் நிற்பது, ஏணிக்குக் காத்துக்கொண்டிருக்கும் அந்தத் தனி ஆளிடம்தான். அவர் மனம் வெறுத்துப் போய்விட்டால் அடுத்த முறை புது ஆள் வருவார். கிடங்கு எங்கே என்பதில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். சரக்கு கிடங்கில் இருந்தும் அலமாரி காலியாக நிற்கும். நஷ்டம் கடைக்கும் கம்பெனிக்கும் தான்.

அலமாரியைப் பிறரிடம் விட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாயில் அடக்கும் பொடிப் புகையிலை விற்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் டொபாக்கோ கம்பெனியின் ஆட்கள், கடைகளில் இருந்த கான்வுட் கம்பெனியின் சரக்குத் தாங்கிகளை அகற்றினார்கள் என்று வழக்கு வந்தது. அலமாரி பற்றி ஆலோசனை சொல்லும் பொறுப்பைத் தவறாகப் பயன்படுத்தியதாகவும் குற்றச்சாட்டு. 2000ஆம் ஆண்டில் ஜூரி 35 கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தது. சட்டப்படி மும்மடங்காகி அது 105 கோடி டாலர் ஆயிற்று. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

டிஸ்பிளேவுக்குப் பணமோ இலவசச் சரக்கோ தருவதாகக் கம்பெனிகள் நம்மிடமும் வருகின்றன. வாங்குவதில் தவறில்லை. எந்த இடம், எத்தனை மாதம், அடுக்குவது யார், உடைந்ததும் தேதி முடிந்ததும் யார் கணக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால், அடுத்த மாதம் வேறு விற்பனைப் பிரதிநிதி வந்து 'எனக்குத் தெரியாது' என்பார்.

ஒரு கம்பெனியின் ஆள் இன்னொரு கம்பெனியின் சரக்கைத் தொட அனுமதிக்கக் கூடாது. நகர்த்த வேண்டுமானால் நம் ஆள் நகர்த்தட்டும்.

அடுக்க வரும் தம்பியை மணிக்கணக்கில் காக்க வைக்காதீர்கள். இருக்கிற சரக்கைக் காட்டி, இல்லாததை இல்லை என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். நமக்குப் பத்து நிமிடம். அவருக்கு அது அரை நாள் கூலியாக இருக்கலாம்.

முக்கியமாக, அடுக்கும் கூலியைக் கணக்கில் எழுதுங்கள். வீட்டு ஆட்களே அடுக்கினாலும் அது செலவுதான். 'அடுக்குவது இலவசம்' என்று ஒரு கம்பெனி சொன்னால், அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய கடைகளிடம் முதலும் கம்ப்யூட்டரும் இருக்கின்றன. அலமாரிக்கு முன்னால் நின்று உடனே முடிவு சொல்லும் முதலாளி நம்மிடம்தான் இருக்கிறார். அந்த இடத்தை எந்தத் தொகைக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.