சம்பளப் பட்டியல் எங்கே போகிறது?

மின்னஞ்சலில் 'பிரி' என்று தட்டினால் போதும், மீதியைக் கணினியே நிரப்பிவிடும். அது அலுவலகப் பிரியாவா, போன வருஷத்து வாடிக்கையாளர் பிரியாவா? மாதக் கடைசியில், சம்பள நாள் நெருக்கும்போது யாருக்கு அதைப் பார்க்க நேரம்?

தகவல் கசிவு என்றதும் நமக்கு 2018இல் நடந்த சிங்ஹெல்த் ஊடுருவல்தான் ஞாபகம் வரும். 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோயின. ஆனால் சிறு அலுவலகங்களில் திருடன் வரவேண்டிய அவசியமே இல்லை. நாமே 'அனுப்பு' பொத்தானை அழுத்திவிடுகிறோம்.

என் தோழி ஒருத்தி துப்புரவு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கிறாள். மொத்தம் ஆறு பேர் வேலை செய்யும் அலுவலகம். அவளுடைய எக்செல் கோப்புகளில் இருப்பவர்கள் நம் அம்மாக்களின் வயதுக்காரர்கள். அவர்களின் அடையாள எண், வங்கிக் கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். மோசடிக்காரன் கையில் அது கிடைத்தால், 'உங்கள் வங்கியிலிருந்து பேசுகிறேன்' என்று நம்பவைக்க வேறெதுவும் வேண்டாம். இப்படிப்பட்ட கோப்பு வெளியே போவதைத் தடுக்கும் 'டிஎல்பி' விதிகளை மைக்ரோசாஃப்ட் பர்வியூவில் அவள் அமைத்தபோது, வானொலி அங்கத்துக்காக நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் கேள்வி, எது ரகசியம் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நம் அடையாள எண் இதற்கு வசதியானது. ஓர் எழுத்து, ஏழு இலக்கங்கள், கடைசியில் இன்னோர் எழுத்து. அந்தக் கடைசி எழுத்து சும்மா வந்ததல்ல, முன்னால் உள்ள இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஓர் இலக்கம் மாறினாலும் எழுத்து பொருந்தாது. அதனால் அசல் எண்ணையும் ஏதோ ஒரு பில் எண்ணையும் மென்பொருள் ஓரளவு பிரித்தறிகிறது. வங்கிக் கணக்கு எண்தான் தலைவலி. வங்கிக்கு வங்கி நீளம் வேறு. இலக்கங்களை மட்டும் தேடச் சொன்னால் இன்வாய்ஸ் எல்லாம் மாட்டிக்கொள்ளும். அருகில் 'வங்கி', 'கணக்கு' போன்ற சொற்களும் இருந்தால் மட்டும் பிடி என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, பிடித்த பிறகு என்ன செய்வது? எடுத்தவுடன் தடை போடாததுதான் அவள் செய்த கெட்டிக்காரத்தனம் என்பேன். முதல் இரண்டு வாரம் சோதனை முறை. விதி எதையும் நிறுத்தாது, எதை நிறுத்தியிருக்கும் என்று குறித்துவைக்கும். அந்தப் பட்டியலில் மத்திய சேமநிதி தொடர்பாக அன்றாடம் அனுப்பும் மடல்களே அதிகம். அவற்றுக்கு விலக்குக் கொடுத்த பிறகுதான் விதி உயிர்பெற்றது. வெளியே போகும் மடலில் ஒன்பது எண்கள் வரை இருந்தால் எச்சரிக்கை வரும். காரணத்தைத் தட்டச்சு செய்துவிட்டு அனுப்பலாம். பத்தைத் தொட்டால் தடை.

கெடுபிடி கூடினால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மடல் போகவில்லையா, கோப்பைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். விதி பாட்டுக்கு விதி, வேலை பாட்டுக்கு வேலை!

ஆறு பேருக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டேன். சட்டத்தைக் காட்டினாள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தால், அது தெரிவிக்கவேண்டிய கசிவு என்று கணித்த மூன்று நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லவேண்டும். பாதிக்கப்பட்டவருக்குப் பெரும் தீங்கு நேரக்கூடும் என்றால் 500 பேர்கூட வேண்டாம். அபராதம் ஒரு மில்லியன் வெள்ளி வரை போகலாம், பெரிய நிறுவனங்களுக்கு அதற்கும் மேலே.

மடல் பக்கம் இப்போது ஒழுங்காகிவிட்டது. ஆனால் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால், மேற்பார்வையாளர்கள் இன்னமும் அவருடைய அடையாள அட்டையை முன்னும் பின்னும் படமெடுத்துத் தங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அங்கே இந்த விதி எட்டாது. அவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். அனுப்பியாகிவிட்டால் அந்தப் படத்தைக் கைபேசியிலிருந்து அழித்துவிடுங்கள் என்பதுதான் அவள் முதலில் கேட்பது.