உப்பின் மேல் மிதக்கும் கிணறு

அம்பாறை மாவட்டத்தின் மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ கடற்கரையை ஒட்டிய வளவொன்றில் நின்று பாருங்கள். அலைச் சத்தம் காதில் விழும் தூரத்தில்தான் கிணறு இருக்கும். கடல் நீரை வாயில் வைக்க முடியாது. கிணற்று நீரில் தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே சுவரில்லை, பாறையில்லை, வெறும் மணல்தான்.

மணல் உப்பை வடிகட்டிவிடுகிறது என்று சொல்வார்கள். அது சரியில்லை. மணல் குப்பையைப் பிடிக்கும், கரைந்த உப்பைப் பிடிக்காது. கிணற்றில் இருப்பது மாரி மழையின் நீர். மணலுக்குள் இறங்கிய மழை, அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதிக்குத் தண்ணீர் எடுத்து இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். நன்றாக ஆறிய வெறுந்தேத்தண்ணியைக் கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிடுங்கள். சீனி போடக்கூடாது, போட்டால் அதுவும் கனத்துவிடும். சாயம் மேலே தங்கும், உப்புத் தண்ணீர் கீழே தெளிவாக நிற்கும். இப்போது கரண்டியால் ஒரு சுழற்று சுழற்றுங்கள். எல்லாம் ஒரே நிறம். பிறகு பிரிக்கவே முடியாது.

ஒரு கன மீட்டர் நல்ல நீர் 1000 கிலோ என்றால், கடல் நீர் ஏறத்தாழ 1025 கிலோ. அந்த 25 கிலோ வித்தியாசத்தில்தான் நம் கிணறுகள் பிழைத்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபெனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே போட்ட கணக்கு இது: நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே ஓர் அடி குறைந்தால், அடியிலிருந்து உப்பு பல அடி ஏறப் பார்க்கும். “கிணத்த வத்த இறைக்காத மனே, உப்பு ஏறிடும்” என்ற மூத்தம்மாமார் இந்தக் கணக்கைப் படித்தவர்கள் இல்லை.

2004 டிசம்பர் 26இல் உப்பு கீழிருந்து வரவில்லை, மேலிருந்து வந்தது. இலங்கையில் சுனாமிக்கு மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. கரையோரக் கிணறுகளில் கடல் நிறைந்தது. அள்ளிக் கொட்டினால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்; மோட்டர் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இறைத்த நீர் பக்கத்து மணலுக்குள் இறங்கித் திரும்பவும் கிணற்றுக்கே வந்தது. வேகமாக உறிஞ்சிய இடங்களில் அடி உப்பும் ஏறியது. சேறும் குப்பையும் போக ஒரு தரம் சுத்தம் செய்தது வீண் இல்லை. ஆனால் உப்பைக் கீழே தள்ளியது அடுத்தடுத்து வந்த மாரிதான்.

இன்று பல வீடுகளுக்குக் குழாய் நீர் வந்துவிட்டது. ஆனாலும் குளிக்க, துவைக்க, மரங்களுக்கு ஊற்ற என்று கிணறு ஓயவில்லை. சவர்க்காரம் முன்பு போல நுரைக்காமல் வெள்ளைத் திப்பியாகத் திரண்டால், தேத்தண்ணியின் ருசி மாறினால், கவனியுங்கள். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவி போகப் போக உப்பு கூடத்தான் செய்யும். மோட்டரை ஒரே மூச்சில் ஓடவிட்டு டாங்கியை நிரப்பாமல், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று எடுங்கள். இனிக்கவில்லையே என்று குழாய்க் கிணற்றை இன்னும் ஆழமாக இறக்குவது கடலைத் தேடிப் போவதற்குச் சமம். கரையோரத்தில் ஆழமில்லாத, வாய் அகன்ற கிணறே நல்லது.

இப்போதெல்லாம் வீடு கட்டி முடித்ததும் வளவு முழுக்க சீமெந்து போடுகிறோம். பார்க்க அழகுதான். கூரையில் விழும் மழை கானுக்குள் இறங்கி நேரே கடலுக்குப் போய்விடுகிறது. இந்த மாரிக்கு முன் கிணற்றடிப் பக்கம் ஒரு துண்டு மணலையாவது மூடாமல் விட்டு வையுங்கள்.