சவம் புதைக்கும் வண்டு

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், பெர்லின் நகரத்துத் தாவர சாஸ்திரியான கிளெடிட்ஷ் என்பவர், தோட்டத்துப் பாத்திகளில் செத்துக் கிடந்த அகழெலிகள் மாயமாய் மறைவதைக் கண்டு மண்ணைக் கிளறிப் பார்த்து, அது சில வண்டுகளின் வேலை என்று அறிந்தார். அவ்வண்டுகளில் நான்கை மண் நிரப்பிய பாத்திரத்தில் விட்டு, தவளை, சிறு பறவை, மீன் முதலியவற்றின் உடல்களை அவர் இட்டுவர, 50 நாட்களில் அவை 12 சவங்களைப் புதைத்துவிட்டன.

நிக்ரோபோரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவ்வண்டுகள் பெரும்பாலும் வடபூகோளத்தின் குளிர்ந்த தேசங்களில் வாழ்பவை. பல இனங்களின் கரிய சிறகுறைகளில் செம்மஞ்சள் பட்டைகள் காணப்படும். செத்த சுண்டெலியின் வாசனையை உணர்கொம்புகளால் அறிந்து பறந்து வரும் வண்டுகள் ஒன்றோடொன்று போரிட, வென்ற ஆணும் பெண்ணும் சவத்தின் அடியில் புகுந்து மண்ணை வெளியே தள்ளத் தள்ள, சவம் தன் பாரத்தாலேயே மெல்லப் புதைகிறது. பிறகு அவை உரோமத்தை நீக்கி, மாமிசத்தை உருண்டையாகத் திரட்டி, கிருமிகளையும் பூஞ்சணத்தையும் அடக்கும் திரவங்களை வாயிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் சுரந்து அதன்மேல் பூசுகின்றன. வண்டின் உடலில் தொற்றிவரும் சிறு உண்ணிகள் ஈக்களின் முட்டைகளைத் தின்று, பல சமயங்களில் இதற்குத் துணைபுரிகின்றன.

இத்தனை பிரயாசையும் சந்ததிக்காகவே. அருகில் மண்ணிலிட்ட முட்டைகளிலிருந்து இரண்டு மூன்று நாட்களில் வெளிவரும் புழுக்கள், பெற்றோர் உருண்டையின் மேல் அமைத்த குழிக்கு ஊர்ந்து வந்து, கூட்டிலுள்ள பறவைக் குஞ்சுகளைப்போல் தலை தூக்கி இரக்க, தாயும் தந்தையும் தாம் உண்டு பக்குவமாக்கிய ஆகாரத்தை வாயோடு வாயாக ஊட்டுகின்றன. இதை எர்னா புகோவ்ஸ்கி என்ற ஜெர்மானியப் பெண்மணி 1933-ல் விரிவாக எழுதினார். பூச்சிகளின் உலகில் தந்தையும் குழந்தைக்கு ஊட்டுவது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஆனால் அன்புக்கு உவமையாக இவ்வண்டைக் காட்ட விரும்புவோர் ஒன்றையும் மறைத்தலாகாது. சவத்தின் அளவுக்கு மிஞ்சிப் புழுக்கள் பிறந்துவிட்டால், பெற்றோரே அவற்றுள் சிலவற்றைத் தின்று தொகையைக் குறைத்துவிடும். இதைக் குரூரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இருக்கும் இரையை எல்லாப் புழுக்களுக்கும் பங்கிட்டால் ஒன்றேனும் செழித்து வளராது. எஞ்சியவை ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாமிசத்தை உண்டு தீர்த்து, கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்குள் பிரிந்து செல்கின்றன. தந்தை பெரும்பாலும் அதற்கு முன்பே வெளியேறிவிட, தாய் மட்டும் அதுவரை உடனிருக்கிறது.